மழையில் நனைந்த தானியமும் மறுபூச்சுப் பூசிய காரும்

விற்பனைக்கு வந்த பொருளில் குறை இருப்பது குற்றமன்று. குறையே இல்லாத பொருளைச் செய்ய மனிதனால் இயலாது. அந்தக் குறையை வாங்குபவர் கண்ணில் படாமல் மறைப்பதே குற்றம். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மதீனாவின் கடைத்தெருவில் தெளிவாக்கப்பட்ட இந்த நீதி, நம் காலத்தில் அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு கார் வழக்கில் மீண்டும் பேசுபொருளாயிற்று. கடல் கடந்து உழைத்துச் சேர்த்த பணத்தில் விலையுயர்ந்த கார் வாங்கும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பெருகியுள்ளன. அவ்வழக்கை அறிந்து, அதனை மார்க்கச் சட்டத்தோடு ஒப்புநோக்குவது அக்குடும்பங்களுக்குப் பெரிதும் பயன்படும்.

601 டாலர் பூச்சு

1990-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பர்மிங்காம் நகரில் டாக்டர் ஐரா கோர் என்பவர் கறுப்பு நிற பி.எம்.டபிள்யூ கார் ஒன்றைப் புதியதாக வாங்கினார். விலை 40,750 டாலர். ஒன்பது மாதங்கள் அதை ஓட்டினார். எந்தக் குறையும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலும் பளபளப்பாக்க விரும்பி மெருகேற்றும் கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றபோதுதான், அந்தக் காரின் சில பகுதிகளுக்கு மறுபூச்சுப் பூசப்பட்டிருப்பதைக் கடைக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார்.

நடந்தது இதுதான். ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழை பட்டுக் காரின் மேற்பூச்சு கெட்டுவிட்டது. அமெரிக்காவில் நிறுவனத்தின் தயாரிப்பு நிலையத்தில் கூரை, பானெட், டிக்கி, பின்பக்கவாட்டுப் பகுதிகள் ஆகியவற்றிற்கு மீண்டும் வண்ணம் பூசினார்கள். அதற்கு ஆன செலவு 601 டாலர். பழுதுபார்க்கும் செலவு காரின் விலையில் 3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அதை யாரிடமும் தெரிவிக்காமல் புதிய கார் என்றே விற்பது அந்நிறுவனத்தின் அன்றைய வழக்கம். இச்செலவு சுமார் 1.5 சதவீதமே ஆனதால் விற்பனை முகவருக்குக்கூடச் செய்தி சொல்லப்படவில்லை.

டாக்டர் கோர் வழக்குத் தொடுத்தார். மறுபூச்சுப் பூசிய காரின் மதிப்பு புதிய காரை விடச் சுமார் 10 சதவீதம் குறைவு என்று முன்னாள் முகவர் ஒருவர் சாட்சியம் அளித்தார். இவ்வாறு ஏறத்தாழ ஆயிரம் கார்கள் விற்கப்பட்டிருப்பதும் வெளிப்பட்டது. நடுவர் குழு இழப்பீடாக 4,000 டாலரும், தண்டத் தொகையாக 40 லட்சம் டாலரும் விதித்தது. அலபாமா உச்ச நீதிமன்றம் தண்டத் தொகையை 20 லட்சமாகக் குறைத்தது. 1996 மே மாதம் நாட்டின் உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, அத்தொகையும் மிக அதிகமே என்று தீர்ப்பளித்தது. வழக்கு மாநிலத்துக்கே திரும்பியது. 1997-இல் 50,000 டாலரை ஏற்க வேண்டும், இல்லையேல் மறுவிசாரணை என்று முடிவாயிற்று.

உச்ச நீதிமன்றத்தில் நிகழ்ந்த வாதம் தண்டத்தின் அளவைப் பற்றியது. 4,000 டாலர் நட்டத்தைப் பற்றி அங்கே சர்ச்சை இல்லை. பூசுவதற்கு ஆன செலவு 601 டாலர். வாங்கியவருக்கு ஏற்பட்ட மதிப்பிழப்போ 4,000 டாலர். விற்றவர் தம் செலவைக் கொண்டு குறையை அளந்தார். சந்தை வேறு கோலைக் கொண்டு அளந்தது.

தானியக் குவியலின் பாடம்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெரு வழியே சென்றபோது ஒரு தானியக் குவியலுக்குள் தம் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்த குவியல் உள்ளே ஈரமாக இருந்தது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்த பகுதியை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது.

மழை பெய்தது வணிகரின் பிழையன்று. நபி (ஸல்) அவர்கள் அதற்காக அவரைக் கண்டிக்கவும் இல்லை. ஈரத்தை அடியில் வைத்ததற்காகவே கண்டித்தார்கள். அமில மழை பட்ட காரின் கதையும் இதுவே. மழைக்கு நிறுவனம் பொறுப்பன்று என்று வைத்துக்கொண்டாலும், மறைத்ததற்குப் பொறுப்பு உண்டு. இங்கே 1.5 சதவீதம், 3 சதவீதம் என்ற கணக்குக்கு இடமில்லை. குறையுள்ள பொருளை அக்குறையை எடுத்துச் சொல்லாமல் தம் சகோதரருக்கு விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்ற கருத்திலும் நபிமொழி உண்டு.

ஜவுளி வணிகம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. குறையுள்ள ஒரு துணியைத் தம் கூட்டாளியிடம் கொடுத்து, விற்கும்போது குறையைச் சொல்லிவிடும்படி கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்பதும் தெரியவில்லை. இதையறிந்த இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள்.

மார்க்கச் சட்டத்தில் குறை என்பது எது?

வாங்கிய பொருளில் குறை தெரியவந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு 'கியாருல் அய்ப்' என்று பெயர். பொருளின் மீது எழும் எல்லா அதிருப்தியும் இந்த உரிமையைத் தராது. வணிகர்களின் வழக்கில் எது விலையைக் குறைக்குமோ அதுவே குறை என்பது ஹனஃபீ மத்ஹபின் அளவுகோல். செலவு எவ்வளவு என்று பாராமல் விலை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் இந்த அளவுகோலைத்தான் அலபாமாவின் சாட்சியும் தம்மையறியாமல் எடுத்துரைத்தார். ஷாஃபிஈ மத்ஹபில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்த இனத்துப் பொருள்களில் பெரும்பாலும் காணப்படாததாக அக்குறை இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை கார் விஷயத்தில் மிகவும் பயன்படுகிறது. அதை விளங்கிக்கொள்ளக் காரின் பூச்சு எத்தகையது என்பதை அறிய வேண்டும்.

நான்கு அடுக்குகள்

தொழிற்சாலையில் வெற்று உடற்கூட்டை ஒரு திரவத்தில் மூழ்கவைத்து, மின்சாரத்தின் உதவியால் துருத்தடுப்புப் பூச்சை ஏற்றுகிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் வண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். பொதுவாக இந்த நான்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் என்பது 1,000 மைக்ரான். ஆகவே ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாத இந்த மெல்லிய போர்வைதான் காரின் அழகும் அரணும்.

மேற்பூச்சைத் தொழிற்சாலையில் சுமார் 140 டிகிரி வெப்பத்தில் சுட்டு இறுக்குகிறார்கள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் கம்பிகளும் பொருத்தப்பட்ட முழுக் காரை அந்த வெப்பத்தில் வைக்க முடியாது. எனவே பட்டறையில் வேறு வகைப் பெயின்ட்டைப் பூசி 60 டிகிரி அளவில் உலர்த்துகிறார்கள். திறமையான கைகள் பூசினால் அதுவும் நன்றாகவே இருக்கும். ஆயினும் அது தொழிற்சாலைப் பூச்சு ஆகாது. சந்தையில் மதிப்புக் குறைவதற்கு இதுவே காரணம்.

கார்களில் காணப்படும் பூச்சுக் குறைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை இயல்பானது: ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற மிகச் சிறிய மேடுபள்ளம், பிளாஸ்டிக் பம்பருக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் இடையே நுட்பமான நிற வேறுபாடு. உயர்ந்த விலைக் கார்களிலும் இவை உண்டு. அளவோடு இருக்கும்வரை இவற்றைக் குறையென்று கூறி வழக்காடுவது நேர்மையாகாது.

இரண்டாம் வகை கிளியர் கோட்டின் மேற்பரப்போடு நிற்பது: அழுக்குத் துணியால் துடைத்ததில் விழுந்த சிலந்திவலை போன்ற வட்டக் கீறல்கள், மெருகேற்றும் இயந்திரம் விட்டுச்சென்ற தடங்கள், நீர்த்துளி காய்ந்த கறைகள். இவற்றை மெருகேற்றிப் போக்கலாம். ஆனால் மெருகேற்றுவது என்பது தேய்ப்பது. ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் சில மைக்ரான் குறையும்.

மூன்றாம் வகைதான் உண்மையான 'அய்ப்': பூச்சு வழிந்து உறைந்த தடம், பூச்சுக்குள் சிக்கிய தூசி, எண்ணெய்ப் பிசுக்கால் ஏற்பட்ட குழிகள், நெளிவை நிமிர்த்திப் பட்டி பார்த்துப் பூசிய மறுபூச்சு. சொல்லாமல் செய்த மறுபூச்சு இவற்றுள் தலையாயது.

கையொப்பத்துக்கு முன்

காரைப் பெற்றுக்கொள்ளும் நாளில் இனிப்பும் மாலையும் புகைப்படமும் கவனத்தைக் கவர்ந்துவிடுகின்றன. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்ற தாளில் கையொப்பம் இடுவதற்கு முன்பே, முடிந்தால் காரைப் பதிவு செய்வதற்கு முன்பே, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். பதிவான பின் மாற்றுக் கார் கேட்பது கடினம்.

கடை விளக்கொளியில் பார்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், ஈரமின்றித் துடைத்த நிலையில் பாருங்கள். ஒவ்வொரு பகுதியையும் நேராகவும், பிறகு சாய்வாகப் பரப்பையொட்டியும் நோக்குங்கள். அடுத்தடுத்த பகுதிகளின் நிறம் ஒத்திருக்கிறதா? கதவோர ரப்பரில் வண்ணத் துளிகள் ஒட்டியுள்ளனவா? பானெட்டைப் பிணைக்கும் திருகுகளின் தலையில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறதா? இவை மறுபூச்சின் அடையாளங்கள். பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவியும் உண்டு. மற்ற இடங்கள் 120 மைக்ரான் காட்டும்போது ஓரிடம் மட்டும் 250 காட்டினால் விளக்கம் கேளுங்கள். பட்டி பார்த்த இடத்தில் இது பல நூறு மைக்ரானுக்கு உயரும். அலுமினியத் தகடுள்ள கார்களுக்கு அதையும் அளக்கவல்ல கருவி தேவை. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி பயன்படாது.

குறை தெரிந்த பின்

ஷாஃபிஈ மத்ஹபில் குறையை அறிந்த உடனே திருப்பிக் கொடுக்க முனைய வேண்டும். தொழுகையிலோ உணவிலோ இருந்தால் அதை முடிக்கும்வரையும், இரவானால் விடியும்வரையும் தாமதிக்கலாம். காரணமின்றித் தாமதித்தால் உரிமை போய்விடும். ஹனஃபீ மத்ஹபில் தாமதத்துக்கு இடமுண்டு. ஆனால் குறையை அறிந்த பின்னும் பொருளைத் தம் வசதிக்குப் பயன்படுத்தினால் அதைப் பொருந்திக்கொண்டதாகவே கருதப்படும். எனவே குறையைக் கண்டவர் பயணத்தையும் விருந்தையும் முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கக் கூடாது. அறிவதற்கு முன் ஓட்டியது உரிமையைப் போக்காது. அக்காலத்தில் பொருளின் பொறுப்பு அவர் மீதே இருந்ததால் அதன் பயனும் அவருக்கே உரியது.

பலரும் தவறும் இடம் இன்னொன்று உண்டு. மனம் பொறுக்காமல் தெரிந்த டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டு சென்று மீண்டும் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். வாங்கியவரிடம் வந்த பிறகு புதிய குறை ஏற்பட்டால், விற்றவரைக் கட்டாயப்படுத்தித் திருப்பிக் கொடுக்கும் உரிமை நின்றுவிடுகிறது. பழைய குறைக்குரிய விலை வேறுபாட்டைப் பெறுவதாகவே வழக்குச் சுருங்கிவிடுகிறது. கைவைக்காதீர்கள், புகைப்படம் எடுங்கள், அன்றே எழுத்து மூலம் விற்பனையாளருக்குத் தெரிவியுங்கள். மெருகேற்றித் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால், குறை எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டறிந்த பின் இணங்குங்கள். மறுபூச்சுக்கு இணங்கினால் உத்தரவாதத்தையும் விலைக் குறைப்பையும் எழுத்தில் பெறுங்கள். நம் மத்ஹபுகளில் பொருளை வைத்துக்கொண்டே தொகையை வற்புறுத்திப் பெற வாங்கியவருக்கு உரிமை இல்லை; ஹன்பலீ மத்ஹபில் அது வாங்கியவரின் விருப்பம்.

பேச்சில் தீராவிட்டால் நாட்டின் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கெடு இரண்டு ஆண்டுகள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

வாங்கியவர் விற்பவராகும் நாள்

இன்று வாங்கியவர் நாளை விற்பவர். தம் காரின் கதவுக்கு மறுபூச்சுப் பூசப்பட்டதை அறிந்திருந்தும், கேட்டால் சொல்வோம் என்று வாய்மூடி இருப்பவர் யார்? டாக்டர் கோருக்கு விற்ற நிறுவனம் நின்ற இடத்தில்தான் அவரும் நிற்கிறார். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு பொருளை விற்கும்போது அதன் குறைகளைத் தாமே சுட்டிக்காட்டி, விரும்பினால் வாங்குங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள் என்று கூறுபவர்களாக இருந்தார்கள். இப்படிச் செய்தால் விற்பனை நடக்குமா என்று சிலர் வியந்தபோது, முஸ்லிம்களுக்கு நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் தாம் உறுதிமொழி அளித்திருப்பதை நினைவூட்டினார்கள். அதேபோல், தம் வீட்டு வாசலில் விழுந்த கீறலைக் கடையிலிருந்தே வந்ததென்று சொல்லி ஈடு கேட்பதும் மோசடியே. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டு. பொய் சொல்லி மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து.

மைக்ரான் கணக்கில் கனமுள்ள பூச்சுக்கு அடியில் இருப்பதை ஒரு சிறு கருவி காட்டிவிடுகிறது. உள்ளங்களில் மறைத்ததை எல்லாம் அறிந்த இறைவன் முன் நாளை நிற்கப்போகிறோம் என்பதை வாங்குபவரும் விற்பவரும் மறக்கலாகாது. நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி, ஹலாலான பொருளில் பரக்கத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.