லாபம் 2 லட்சம்... பணம் எங்கே? மல்லாட்டைக் கம்பெனியின் வருஷக் கணக்கைப் படிப்பது இப்படித்தான்!

திண்டிவனம் பக்கம் நிலக்கடலைக்குப் பெயர் மல்லாட்டை. இல்லாவிட்டால் மணிலா. விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த பழைய ரகமான 'டி.எம்.வி. 2' இருக்கிறதே, அதிலுள்ள மூன்று எழுத்துகள் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் தந்த ரகம் அது.

ஊர் பெயரிலேயே ரகம் இருந்தாலும், மல்லாட்டைக்கு விலை சொல்கிற இடத்தில் விவசாயி இருந்ததில்லை. கமிட்டிக்குக் கொண்டுபோவார், இல்லாவிட்டால் வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியிடம் கொடுப்பார். இதை மாற்றத்தான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வந்தன. 2002-ல் கம்பெனிகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு வழிவிட்டது. 10 விவசாயிகள் சேர்ந்தாலே ஒரு கம்பெனியைப் பதிவு செய்யலாம். நாடு முழுக்க 10,000 நிறுவனங்களை உருவாக்க 2020-ல் மத்திய அரசு திட்டம் அறிவித்தது. அதன்படி உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு இணையாக, ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய் வரை அரசும் தருகிறது.

ஆக, நேற்றுவரை மூட்டை தூக்கி வந்தவர் இன்று பங்குதாரர், அதாவது கம்பெனியின் முதலாளிகளில் ஒருவர். பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தில் நடக்கும் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு அழைப்பும், கூடவே கணக்குப் புத்தகமும் வீட்டுக்கு வரும். அதில் பாதி ஆங்கிலம், மீதி எண்கள். ரசத்துக்கு மூடி போட மட்டும் அது பயன்பட்டால், நஷ்டம் அந்த வீட்டுக்குத்தான்.

லாபம் வேறு, கல்லாப்பெட்டி வேறு

பொதுக்குழுவில் நடக்கும் பேச்சை இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். ''2 லட்சம் லாபம்னு போட்டிருக்கீங்களே அண்ணே, அப்புறம் இந்த வருஷம் மல்லாட்டை வாங்கப் பணமில்லைன்னு ஏன் சொல்றீங்க?'' என்று ஓர் அக்கா எழுந்து கேட்கிறார். மேடையில் இருப்பவர், ''அது வேற, இது வேறக்கா'' என்கிறார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால், விளக்காமல் விட்டது தப்பு.

ஓர் உதாரணக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 500 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டதில் 5 லட்சம், அரசு பங்கு 5 லட்சம், வங்கிக் கடன் 20 லட்சம். மொத்தம் 30 லட்சம். அதில் 8 லட்சத்துக்குச் செக்கும் மல்லாட்டை உடைக்கும் மிஷினும் வாங்கியாயிற்று. வருஷம் முழுக்க 50 லட்சத்துக்கு மல்லாட்டையை உறுப்பினர்களிடம் ரொக்கம் கொடுத்து வாங்கினார்கள். அதில் 40 லட்சம் மதிப்புள்ளதை ஆட்டி, எண்ணெயும் புண்ணாக்குமாக 50 லட்சத்துக்கு விற்றார்கள். மீதி 10 லட்சம் சரக்கு குடோனில் இருக்கிறது.

இப்போது லாப நட்டக் கணக்கு. விற்பனை 50 லட்சம். விற்ற சரக்கின் அடக்கவிலை 40 லட்சம். கூலி, கரன்ட், வாடகை, வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 5 லட்சம். வட்டி 2 லட்சம். மிஷின் தேய்மானம் 1 லட்சம். கழித்தால் மிச்சம் 2 லட்சம். லாபம் என்று எழுதியதில் பொய்யில்லை.

ஆனால், விற்ற 50 லட்சத்தில் வசூலானது 38 லட்சம்தான். மீதி 12 லட்சம் எண்ணெய் வாங்கிய மொத்த வியாபாரியிடம் நிற்கிறது. மிஷின் வாங்கியதுபோகக் கையில் இருந்த 22 லட்சத்தோடு இந்த 38-ஐச் சேர்த்து, மல்லாட்டைக்குக் கொடுத்த 50, செலவு 5, வட்டி 2 ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். வங்கியில் இருப்பது வெறும் 3 லட்சம்.

சரக்கைக் கொடுத்த அன்றே அது விற்பனைதான், காசு எப்போது வந்தாலும் சரி. இதுதான் கம்பெனிக் கணக்கின் விதி. குடோனில் கிடக்கும் 10 லட்சம் சரக்கும் அப்படித்தான். அதற்குக் கொடுத்த பணம் போய்விட்டது, ஆனால் விற்கும்வரை அது செலவுக் கணக்கில் ஏறாது. தேய்மானம் இதற்கு நேர் எதிர். கணக்கில் 1 லட்சம் குறையும், கையை விட்டு ஒரு பைசாவும் போகாது. இந்த இடைவெளி புரிந்துவிட்டால் பாதிக் கணக்கு புரிந்த மாதிரி.

பேலன்ஸ் ஷீட்டில் விரல் வைக்க வேண்டிய இரண்டு வரிகள்

லாப நட்டக் கணக்கு ஒரு வருஷத்துக் கதை. பேலன்ஸ் ஷீட் என்பது மார்ச் 31 அன்று எடுத்த ஒரு போட்டோ. ஒரு பக்கம் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும். நம் உதாரணத்தில் பங்கு மூலதனம் 10, கடன் 20, லாபம் 2, ஆக 32 லட்சம். இன்னொரு பக்கம் அது இப்போது என்ன உருவத்தில் இருக்கிறது என்று சொல்லும். மிஷின் 7, சரக்கு 10, பாக்கி 12, ரொக்கம் 3. அதுவும் 32 லட்சம்தான். இரண்டு பக்கமும் சமமாக இருப்பதைப் பார்த்துச் சிலர் நிம்மதி அடைகிறார்கள். நட்டத்தில் மூழ்கும் கம்பெனிக்கும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கும்!

பார்க்க வேண்டிய வரிகள் வேறு. ஆங்கிலத்தில் 'இன்வென்டரீஸ்' என்று இருந்தால் அது சரக்கு இருப்பு. 'டிரேட் ரிசீவபிள்ஸ்' என்று இருந்தால் வெளியே நிற்கும் பாக்கி. போன வருஷத் தொகையும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். விற்பனை கொஞ்சம் கூடி, பாக்கி மட்டும் எகிறியிருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான். நம் உதாரணத்தில் அந்த 12 லட்சம் வராமலே போனால் என்ன ஆகும்? லாபம் 2 லட்சமும், உறுப்பினர்களும் அரசும் போட்ட 10 லட்சமும் மொத்தமாகக் காலி. 500 பேரின் பணம் ஒரே வியாபாரியின் நாணயத்தைப் பொறுத்திருக்கிறது.

பணம் வந்துபோன வழியைச் சொல்ல 'பணப்புழக்க அறிக்கை' என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. பெரிய கம்பெனிகள் கட்டாயம் தர வேண்டும். சிறிய கம்பெனிகளுக்குச் சட்டமே விலக்கு தந்திருக்கிறது. உழவர் நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்தச் சிறிய வகைக்குள் அடங்கும் அளவிலானவை. எனவே அந்தப் பக்கத்தைத் தேடிக் காணவில்லை என்றால் யாரும் கிழித்துவிடவில்லை, பயப்பட வேண்டாம். கேட்டால் தயாரித்துத் தரலாம், கேட்பதில் தவறில்லை.

1,600 கடைகள் மூடிய கதை

இது சின்னக் கம்பெனிக்கு மட்டுமான பிரச்னை இல்லை. 'சுபிக்ஷா'வை ஞாபகம் இருக்கிறதா? 1997-ல் சென்னையில் தொடங்கிய தள்ளுபடி விலை மளிகைக் கடை. தமிழ்நாட்டில் நன்றாக ஓடியது. பிறகு நாடு முழுக்கக் கிளை பரப்பி, 2008-ல் சுமார் 1,600 கடைகளைத் தொட்டது. புதுக்கடை ஒவ்வொன்றுக்கும் அட்வான்ஸ், அலமாரி, சரக்கு என்று பணம் முன்கூட்டியே போகும். வரவு மெதுவாகத்தான் வரும். வளர்ச்சிக்குக் கடனையே பெரிதாக நம்பியிருந்த நிலையில், 2008 உலக நிதி நெருக்கடியில் புதிய பணம் வரும் வழி அடைபட்டது. சப்ளையர் பாக்கி, சம்பளம், வாடகை எல்லாம் நின்றன. 2009 தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. வாங்க ஆள் இல்லாமல் அது படுக்கவில்லை. கையில் ரொக்கம் இல்லாமல் படுத்தது.

சரி, ரொக்கம் இருக்கிறது என்று கணக்கே சொன்னால் நம்பலாமா? அதே 2009 ஜனவரி 7-ம் தேதி, ஹைதராபாத் 'சத்யம்' நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. கணக்கில் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆடிட்டர் கையெழுத்து இருந்தும் இந்த நிலை. ஊர்க் கம்பெனியில் இதைச் சரிபார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. மார்ச் 31 தேதியிட்ட வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கூட்டத்தில் காட்டச் சொல்லி, பேலன்ஸ் ஷீட் தொகையோடு ஒப்பிட்டால் போதும்.

ஆடிட்டர் அறிக்கையில் ஒரு வார்த்தை வலை இருக்கிறது. 'குவாலிஃபைடு' என்று இருந்தால் நல்ல சான்றிதழ் என்று நினைத்துவிடக் கூடாது. 'எனக்கு இந்த இடத்தில் ஆட்சேபம் உண்டு' என்று ஆடிட்டர் சொல்வதற்குத்தான் அந்தப் பெயர். என்ன ஆட்சேபம் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும்.

கேட்க உரிமை இருக்கிறது

பொதுக்குழுவுக்கு 14 நாட்களுக்கு முன்பே எழுத்துபூர்வமாக நோட்டீஸ் தர வேண்டும், அதோடு தணிக்கை செய்த பேலன்ஸ் ஷீட்டையும் லாப நட்டக் கணக்கையும் இணைக்க வேண்டும் என்கிறது சட்டம். தனிநபர்கள் உறுப்பினராக உள்ள நிறுவனத்தில் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஓர் ஓட்டுதான். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரின் கேள்விக்கும் அதே எடைதான்.

லாபத்தில் பங்கு தருவதிலும் இந்தக் கம்பெனிகள் கொஞ்சம் வித்தியாசமானவை. பங்குக்கு வரம்புக்கு உட்பட்ட ஈவுத்தொகைதான். அதற்கு மேல் மிஞ்சுவதைக் கம்பெனியோடு யார் எவ்வளவு வியாபாரம் செய்தார்களோ அந்த அளவுக்கு போனஸாகப் பிரிக்கலாம். ஆனால், ரொக்கம் 3 லட்சமும் கடன் 20 லட்சமும் இருக்கும்போது போனஸ் அறிவித்தால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கைதட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு பக்கத்தையும் புரட்டிவிடுங்கள். கணக்கின் பின்னால் 'நோட்ஸ்' என்ற பகுதியில் வெளியே நிற்கும் பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் என்று போகும். அந்த 12 லட்சம் முதல் கட்டத்தில் இருந்தால் வியாபாரிக்கு ஒரு போன் போட்டால் போதும். போன வருஷம் முதல் கட்டத்தில் இருந்த அதே தொகை இந்த வருஷம் மூன்றாவது கட்டத்தில் உட்கார்ந்திருந்தால், அந்த வியாபாரி யார், அவருக்குக் கடனுக்குச் சரக்கு கொடுக்கச் சொன்னது யார் என்ற கேள்வியோடு கூட்டத்துக்குப் போகலாம்.