எலுமிச்சை விலை சரிஞ்சா கவலை எதுக்கு? வீட்டிலேயே மார்மலேட் செய்து பாட்டிலில் அடைக்கலாம்!

தென்காசி:

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் ஊருக்கே கொண்டாட்டம்தான். எலுமிச்சைக்கு மட்டும் அது திண்டாட்டம். 2022 ஏப்ரலில் நாட்டின் பல ஊர்களில் கிலோ ரூ.200-ஐ தாண்டி ஆட்டம் காட்டிய பழம் இது. வெயில் தணிந்து ஜூஸ் கடைகளில் கூட்டம் குறைந்தால் விலை தடாலடியாக இறங்கிவிடும். 'எலுமிச்சை நகரம்' என்று பெயர் வாங்கிய புளியங்குடி மார்க்கெட்டில் வரத்து கூடும் நாட்களில் பறிப்பு கூலிக்கே கட்டாமல் போவதும் உண்டு.

அந்த நேரத்தில் ஊறுகாய் போடுவது நமக்கு தெரிந்த வழி. இன்னொரு வழி மார்மலேட். ஜாமில் பழச்சதை இருக்கும். இதில் தோலும் சேரும். ரொட்டி, சப்பாத்தி இரண்டுக்கும் ஜோர்.

தோலா, கசக்காதா? லேசாக கசக்கும், அதுதான் இதன் ருசியே. விஷயம் என்னவென்றால், ஜாமை கெட்டியாக்கும் 'பெக்டின்' என்ற பசை தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியிலும் விதையிலும்தான் நிறைய இருக்கிறது. நாம் தூக்கி எறிவதுதான் இங்கே சரக்கு!

அரை கிலோ பழத்தை கழுவி, மெல்லிசாக நறுக்கி, விதைகளை தனியே எடுத்து துணியில் முடிந்து கொள்ளவும். கசப்பு அதிகம் வேண்டாம் என்பவர்கள், சாறு பிழிந்து வைத்துவிட்டு தோலை மட்டும் 5 நிமிடம் கொதிக்க விட்டு அந்த தண்ணீரை கொட்டிவிடலாம். பிறகு தோல், சாறு, விதை மூட்டை எல்லாவற்றையும் ஒண்ணேகால் லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற விடவும். எவர்சில்வர் பாத்திரம்தான் நல்லது. அலுமினியம், பித்தளையை புளிப்பு அரித்துவிடும்.

மறுநாள் தோல் விரலில் நசுங்கும் வரை வேக வைக்கணும். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். அவசரப்பட்டு முன்னாடியே சர்க்கரையை கொட்டினால் தோல் ரப்பர் மாதிரி ஆகிவிடும், அப்புறம் எவ்வளவு வேக வைத்தாலும் வேலைக்கு ஆகாது. மூட்டையை நன்றாக பிழிந்து எடுத்துவிட்டு, ஒரு கிலோ சர்க்கரை போட்டு கரைந்ததும் தீயை கூட்டி கொதிக்க விடவும். 105 டிகிரி செல்சியஸ் வந்தால் பதம். தெர்மாமீட்டர் இல்லையா? குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழணும்.

சர்க்கரை இவ்வளவா என்று குறைத்துவிடக் கூடாது. கிருமி வளர தேவையான தண்ணீரை பிடித்து வைப்பதே அதுதான். ஊறுகாயில் உப்பு செய்யும் அதே வேலை. சர்க்கரை நோயாளிகளுக்கு இது சரிப்படாது.

கண்ணாடி பாட்டிலை பச்சைத் தண்ணீரில் வைத்து சூடாக்கி, 10 நிமிடம் கொதிக்க விட்டு எடுக்கவும். சூடான பாட்டிலில் சூடாகவே ஊற்றி, மேலே கால் அங்குலம் விட்டு மூடவும். பெரிய பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, மூடிக்கு மேலே ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி வைத்து, தண்ணீர் கொதித்த பிறகு இன்னொரு 10 நிமிடம். ஆறியதும் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி இருந்தால் காற்று புகவில்லை என்று அர்த்தம். வெயில் படாத இடத்தில் ஒரு வருடம் தாங்கும். மூடி உள்வாங்காத பாட்டிலை பிரிட்ஜில் வைத்து முதலில் காலி பண்ணிவிடணும்.

சீசனுக்கு வரும் சுற்றுலா பயணிகளிடம் விற்கும் எண்ணம் இருந்தால், உணவு பாதுகாப்பு துறையில் பதிவு செய்து, பாட்டிலில் தயாரித்த தேதியுடன் லேபிள் ஒட்டுவது கட்டாயம்.

திறந்த பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதீங்க. பூஞ்சை தெரிந்தால் மேலே வழித்துவிட்டு சாப்பிடும் கணக்கும் வேண்டாம், அந்த பாட்டில் நேராக குப்பைக்குத்தான்.