வடம் பிடிக்கும் இதயம்

செஞ்சி வட்டாரத்து மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். அங்கே பார்சுவநாதர் கோயில் தேர் நகரும்போது இருபது வயதுப் பேரனும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே வடத்தைப் பிடித்து இழுக்கலாம். இருவர் உடம்பிலும் அட்ரீனலின் பாயும். பேரனின் நாடி நிமிடத்துக்கு 180ஐத் தாண்டிவிடும். தாத்தாவுக்கு 150 வருவதே பெரிய விஷயம். 220இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பது பழைய தோராயக் கணக்கு.

வயதானால் அட்ரீனலின் வற்றிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதன் உடன்பிறப்பான நார்அட்ரீனலின் முதியவர்களின் ரத்தத்தில் கூடுதலாகவே இருக்கிறது. குறை, அதை வாங்கிக்கொள்ளும் இதயத் தசைச் செல்லில்தான்.

செல்லின் மேற்பரப்பில் பீட்டா ஏற்பிகள் உண்டு. அட்ரீனலின் அவற்றில் ஒட்டியதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. அதனால் கால்சியம் கூடுதலாகப் புகுந்து, செல் ஓங்கிச் சுருங்கும். வயதாக ஆக இந்த ஏற்பிகள் மந்தமாகி, சைக்ளிக் ஏஎம்பியும் குறைவாகவே உண்டாகிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வாளர் எட்வர்ட் லகாட்டா குழுவினர், இளைஞர்களுக்கு இந்த ஏற்பிகளை அடைக்கும் பீட்டா தடுப்பு மருந்து கொடுத்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அவர்கள் இதயமும் முதியவர் இதயம்போலவே நடந்துகொண்டது!

சுருங்குவதைவிடத் தளர்வதில்தான் முதுமை அதிகம் தெரிகிறது. சுருங்கி முடித்த செல், கால்சியத்தை மறுபடி தன்னுள்ளே இருக்கும் கிடங்குக்குள் ஏற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்யும் செர்கா என்ற புரதம் வயதாக ஆக மந்தமாகிவிடும். நீர் தேங்கிய வயலில் பழைய மோட்டார் இறைப்பது மாதிரி, கால்சியம் மெதுவாகத்தான் வடிகிறது. அதுவரை தசை விறைப்பாகவே இருப்பதால் கீழறை நிரம்பத் தாமதமாகும்; மேலறை கூடுதலாகத் தள்ளி ஈடுகட்டும். மேலறைத் துடிப்பு ஒழுங்கு தவறினால் முதியவர்களுக்குச் சட்டென மூச்சு வாங்குவது இதனால்தான்.

ஆனால் இதயம் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. வேகம் கூடாவிட்டாலும், ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தம் நிரப்பி, விரிந்த தசையின் வலுவால் வெளியே தள்ளுகிறது. என் கணிப்பில் இது வியக்கத்தக்க சமாளிப்பு.

செஞ்சியின் ராஜகிரிக் கோட்டைப் படிகளில் ஏறும் அறுபது கடந்தவர்கள் முதல் சில நிமிடங்கள் நிதானமாக நடந்து செல்லுங்கள். பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாடியை மட்டும் நம்பாதீர்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு இறுகினாலோ அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், உடனே மருத்துவ உதவி கேளுங்கள்.