வண்டி நிறுத்தவும் தீர்மானம் வேணும்

நம் உறுப்பினர் ஒருவரின் மகள் பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். இரவில் பிரசவ வலி. வாசலை மறித்து கார் நின்றதால் 108 வண்டி உள்ளே வர முடியலை. தெருவரை நடந்தே போனாளாம். தாயும் சேயும் நலம்.

அங்கேயும் நம்ம குழு மாதிரி வீட்டு உரிமையாளர் சங்கம் உண்டு. திறந்தவெளி நிறுத்துமிடம் பொது இடம் என்கிறது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம். யாருக்கு எந்த இடம், வழியை மறித்தால் என்ன அபராதம் என்று சங்கம்தான் கூடிப் பேசி துணைவிதியில் எழுதணும். மீறினால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அவங்க பதிலையும் கேட்டு, பிறகே அபராதம். ரசீது கட்டாயம். கோபத்தில் டயர் காற்றைப் பிடுங்கினால் போலீஸ் புகார் நம்ம மேலதான் வரும்!

செயலாளருக்கும் அதே அபராதம்தான். நம்ம கூட்டத்துக்கு தாமதமா வந்தா ஊக்குநரும் கட்டுறாங்க இல்லையா? (அன்று வாசலில் நின்றது செயலாளர் காராம்.) அடுத்த பொதுக்குழுவில் கேளும்மா என்று மகளிடம் சொல்லியிருக்கோம்.