ரயில் பாஸும் காலை ஏழு மணியும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே கணக்குத்தான். நோட்டுப் புத்தகம் எவ்வளவு, சீருடை எவ்வளவு, பீஸ் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுவோம். ஆனால் ஒரு செலவைப் பல தாய்மார்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதுதான் போக வர ஆகும் செலவு. பீஸ் வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வரும். இதுவோ தினம் தினம் காலையில் கையை நீட்டும்!

எங்கள் சோரியாங்குப்பம் புதுச்சேரியின் தெற்குக் கோடி. பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. தென்பெண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர். வில்லியனூர்க்காரர்களுக்கு 1879-லேயே விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை வந்துவிட்டது. பாகூர் பக்கம் பாதையே கிடையாது. எங்களுக்கு ரயில் என்றால் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்தான்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. தெருவே சந்தோஷப்பட்டது. அவள் அம்மா முகத்தில் மட்டும் களையில்லை. "இடம் கெடச்சு என்னக்கா பிரயோசனம்? போக வர பஸ்ஸுக்கே இவ்ளோ ஆவும்னு அவங்கப்பா கணக்குப் போட்டுட்டாரு. பக்கத்துல எதுனா கம்பெனியில வேலைக்குப் போவட்டும்னு சொல்றாரு" என்றாள்.

ஒரு பெண்ணின் படிப்பு இந்த மாதிரி பஸ் கட்டணத்தில் நின்று போகலாமா? அவளுக்கு ரயிலில் இலவசமாகவே பாஸ் உண்டு என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால்தான் இந்தக் கட்டுரை.

சலுகை என்னென்ன?

ரயில்வே சலுகைகளில் பல, கொரோனா வந்தபோது 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டன. அறுபது வயது ஆண்களுக்கு 40 சதவீதமும், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த மூத்த குடிமக்கள் சலுகை அப்போது போனதுதான். ஆனால் மாணவர்கள், நோயாளிகள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் சலுகைகளை எடுக்கவில்லை. "எல்லாம் எடுத்துட்டாங்களாமே" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

பெண் குழந்தைகளுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை, பையன்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை, வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பில் இலவச மாதச் சீசன் டிக்கெட் உண்டு. அதற்கு மேல் படிக்கிற பையன்களுக்கு மாணவர் சீசன் பாதிக் கட்டணம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. வயது வரம்பு பொதுவாக 25, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 27.

வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு ஊருக்கு வர இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் இதே பாதி, முக்கால் தள்ளுபடிகள் உண்டு.

எல்லாவற்றுக்கும் ஒரே சாவி, பள்ளி அல்லது கல்லூரித் தலைவர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துத் தரும் சலுகைப் படிவம். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால்தான் கொடுப்பார்கள். கேட்காத பிள்ளைக்குத் தானாக வந்து சேராது. படிவத்தில் எழுதும் ஸ்டேஷன் பெயர், வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனாகவும் கல்லூரிக்குப் பக்கத்து ஸ்டேஷனாகவும் இருக்க வேண்டும். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரைதான் என்பதும் நினைவிருக்கட்டும்.

வெளிநாட்டில் கடிகாரம் அட்டையிலேயே!

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸ் உறவு உண்டு. லீவுக்கு வருகிறவர்கள் அங்கே இளைஞர்களுக்குத் தனி ரயில் அட்டை இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைக்கு உரியதுதான். ஆனால் அதில் ஒரு நிபந்தனையும் உண்டு. 2017 ஜனவரியில் பிரெஞ்சு ரயில்வே 16 முதல் 27 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு மாதச் சந்தா கொண்டுவந்தது. மாதம் 79 யூரோ கட்டினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் அதிவேக ரயிலில் போகலாம். ஆனால் கூட்டம் மொய்க்கிற நேரத்து வண்டிகளில் அது செல்லாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு ஓடிவர நினைக்கும் பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை. அந்த நேரத்தில்தான் கதவு சாத்தியிருக்கும்!

இங்கிலாந்தில் 1974-லேயே மாணவர்களுக்கு ரயில் அட்டை வந்துவிட்டது. பின்னால் அது 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கான அட்டையாக வளர்ந்தது. டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 4.30 மணியிலிருந்து 10 மணி வரை, ஒரு குறைந்தபட்சக் கட்டணத்துக்குக் கீழே சலுகை இறங்காது என்று விதி வைத்தார்கள். கிட்டத்து ஊருக்குக் காலையில் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவருக்கு அட்டை இருந்தும் பயனில்லை. கோடை விடுமுறை மாதங்களான ஜூலை, ஆகஸ்டில் மட்டும் இந்தத் தடை கிடையாது. 2019-ல் 26 முதல் 30 வயதுக்காரர்களுக்கு அதேபோல் ஓர் அட்டை நாடு முழுவதும் வந்தபோது, அதற்குக் கோடையிலும் விலக்கு இல்லாமல் போனது.

ஏன் இப்படி? ரயில்வேயின் கணக்கு நம் அடுக்களைக் கணக்கு மாதிரிதான். காலை நேரத்தில் ஆபீசுக்குப் போகிறவர்கள் எவ்வளவு விலை சொன்னாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வண்டி எப்படியும் நிரம்பிவிடும். பதினொரு மணி வண்டியில் இடம் காலியாக ஓடும். சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் வாடுகிற கீரையைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்களே, அதே வியாபாரம்தான்.

நம் ஊரிலும் ஒரு தடவை இந்தக் கடிகாரத்தைப் பார்த்தோம். கொரோனாவுக்குப் பிறகு 2020 நவம்பரில் சென்னைப் புறநகர் ரயிலில் பொதுவாகப் பெண்களை ஏற்றியபோது, கூட்ட நேரம் தவிர்த்துத்தான் ஏற்றினார்கள். டிசம்பரில் பெண்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஆண்களுக்குக் கூட்டமில்லாத நேரம் மட்டும் என்று வைத்தார்கள். கையில் காசு இருந்தும் நேரம் பார்த்து நின்றவர்களுக்கு, அட்டையில் கடிகாரம் இருந்தால் எப்படி இருக்கும் என்பது புரிந்திருக்கும்.

நம் பாஸுக்கு நேரம் இல்லை, வண்டிக்கு உண்டு!

நம் மாணவர் சீசனில் 'இத்தனை மணிக்குள் ஏறாதே' என்று எழுதியிருப்பதில்லை. அந்த வகையில் நம் சலுகை தாராளமானது. ஆனால் வேறு வேலிகள் உண்டு. முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது. சூப்பர்பாஸ்ட் வண்டி என்றால் தனிக் கட்டணம் உண்டு. மீறி முன்பதிவுப் பெட்டியில் ஏறினால், கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். "பாஸ் இருக்கே சார்" என்று பிள்ளை சொன்னால் எடுபடாது.

ஆக, உண்மையான கடிகாரம் கால அட்டவணையில்தான் இருக்கிறது. எங்கள் தெருப் பெண்ணுக்குப் பாஸ் வந்தது. முதல் வகுப்புக்கு முன்னால் போய்ச் சேருகிற வண்டி எது, அதைப் பிடிக்க வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்தபோதுதான் தெரிந்தது, பாஸ் கிடைத்ததால் மட்டும் பிரச்னை தீரவில்லை என்பது. கடைசியில் காலையில் பஸ், மாலையில் ரயில் என்று முடிவு செய்தார்கள். செலவு பாதிதான் குறைந்தது. ஆனால் அந்தப் பாதிக்கே அவள் அப்பா தலையை ஆட்டிவிட்டார். பெண் இப்போது படிக்கிறாள்.

அதனால் கல்லூரி தேர்ந்தெடுக்கும்போதே இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: வகுப்பு தொடங்கும் நேரம், முடியும் நேரம், அந்த இரண்டுக்கும் பொருந்துகிற வண்டிகள். சேர்ந்த பிறகு பார்த்தால் காலம் கடந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

கட்டணம் கட்டி சீசன் எடுக்கும் பையன்களின் தாய்மார்களுக்கு இது. மாதச் சீசனோடு, மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்றும் உண்டு. மூன்று மாதத்துக்கு மாதக் கட்டணத்தைப் போல் 2.7 மடங்கு. ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கு. வருடத்துக்கு 10.8 மடங்கு. எதை எடுத்தாலும் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

மாதம் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடச் சீசன் 1080 ரூபாய். ஆனால் கல்லூரி நடப்பது பத்து மாதம்தானே? மூன்று மாதச் சீசன் மூன்று தடவை, மாதச் சீசன் ஒரு தடவை எடுத்தால் 810-ம் 100-ம், ஆக மொத்தம் 910 ரூபாய். மாதா மாதம் எடுத்தால் 1000. 'மொத்தமாக வாங்கினால் லாபம்' என்று வருடத்துக்கு எடுத்தால் மே மாதம் பாஸ் பெட்டிக்குள் தூங்கும். பாதி உபயோகித்த சீசனுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது.

கவனிக்க வேண்டிய சில நேரங்கள்

முடிகிற தேதி: சீசன் முடிவதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை முடிந்து, திங்கட்கிழமை காலை வரிசையில் நின்று வண்டியைக் கோட்டைவிடும் பிள்ளைகள் நிறைய. அடுக்களைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.

மூன்று மணி நேரம்: பாஸ் இல்லாத நாளில் எடுக்கும் முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு 2016 மார்ச் முதல் ஒரு விதி உண்டு. 199 கிலோமீட்டர் வரையிலான பயணத்தை, டிக்கெட் வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள் அல்லது அந்தப் பக்கம் போகும் முதல் வண்டியில் தொடங்கிவிட வேண்டும். காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் ஏற முடியாது.

தம்பி தங்கைகளின் வயது: ஐந்து வயதுக்குள் டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் அரை டிக்கெட். ஆனால் 2016 ஏப்ரல் 21 முதல், முன்பதிவில் குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்.

பெண்ணை அனுப்பும் தாய்க்கு ஒரு சட்டம்

வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பினால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பாஸை வீட்டில் மறந்துவிட்டுப் போனால், நடுவழியில் இறக்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு. 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 139-ஆவது பிரிவு இதற்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது. டிக்கெட் இல்லாவிட்டாலும், ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்தில் இறக்கிவிடக் கூடாது. ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன் இவற்றில்தான் இறக்கலாம். அதுவும் பகலில் மட்டுமே. இதை உங்கள் பெண்ணுக்குச் சொல்லி வையுங்கள். டிக்கெட் இல்லாமல் போவதற்காக அல்ல, பயந்து இருட்டில் தானாக இறங்கிவிடாமல் இருப்பதற்காக! ரயிலில் எந்தத் தொல்லை என்றாலும் 139 என்ற போன் எண்ணையே கூப்பிடலாம். சட்டப் பிரிவும் உதவி எண்ணும் ஒன்றாக இருப்பதால் மறக்கவும் மறக்காது.

உடம்பைக் கெடுத்துக்கொண்டு படிக்க வேண்டாம்

இத்தனை சலுகையும் கிடைத்து, பிள்ளை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு ஓடினால் என்ன லாபம்? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை இருப்பதாகத் தெரிந்தது. காலைச் சாப்பாட்டைத் தினம் தவறவிடும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் எளிதாகச் சேர்ந்துவிடுவார்கள்.

இட்லிக்கு நேரமில்லையா? கேழ்வரகுக் கூழும் மோரும் ஒரு டம்ளர் குடிக்க இரண்டு நிமிஷம் போதும். ஒரு வாழைப்பழமும் இரண்டு வேர்க்கடலை உருண்டையும் பையில் போட்டால் வண்டியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். மதிய டப்பாவில் தேங்காய்ச் சட்னி வைக்காதீர்கள். வெயிலில் பன்னிரண்டு மணிக்குள் ஊசிப்போகும். நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த மிளகாய்ப் பொடி கெடாது. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரைப் பொரியல் இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் வேண்டாம். கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதை டீ குறைத்துவிடும்.

இன்னொன்றை நம் பெண்கள் வெளியே சொல்வதில்லை. வழியில் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். இதனால் சிறுநீர்த் தொற்று வரும், எரிச்சலும் காய்ச்சலும் வரும். ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து, சாயங்காலம் அது காலியாக வந்ததா என்று பாருங்கள். கல்லூரியில் சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

தாய்மார்கள் கேட்டால்...

வண்டி நேரமும் வகுப்பு நேரமும் பத்து நிமிஷம், கால் மணி வித்தியாசத்தில் பொருந்தாமல் போவது பல ஊர்களில் உண்டு. இரண்டில் எது வேண்டுமானாலும் கொஞ்சம் நகரலாம். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி ஸ்டேஷன்கள் எல்லாம் தெற்கு ரயில்வேயின் திருச்சிக் கோட்டத்தைச் சேர்ந்தவை. ஒரே வண்டியில் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இருபது பேர் சேர்ந்து, எந்த வண்டி, எத்தனை மாணவர்கள், எத்தனை நிமிஷம் தாமதமாகிறது என்று தெளிவாக எழுதி, கோட்ட மேலாளருக்கு ஒரு மனுவும் கல்லூரி முதல்வருக்கு ஒரு மனுவும் கொடுங்கள். "நம்ம சொல்லி யாரு கேக்கப் போறா" என்று உட்கார்ந்திருந்தால், நஷ்டம் நம் பிள்ளைகளுக்குத்தான்.

இந்த வாரமே பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் காலேஜ்ல ரயில் சலுகைப் பாரம் யாரு தராங்கடா?" தெரியாது என்றால், நாளைக்கே கேட்டுவரச் சொல்லுங்கள்.