சேனையும் சுண்ணாம்புச் சத்தும்

கொல்கத்தாவை அடுத்த ஹவுரா மாவட்டத்தில் அமைந்துள்ளது சாந்த்ராகாச்சி. தொடர்வண்டிச் சந்திப்பாலும், குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகள் தங்கும் ஏரியாலும் இவ்வூரைப் பலர் அறிவர். வங்காளச் சமையலில் இவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. வங்காளியர் ‘ஓல்’ என அழைக்கும் சேனைக்கிழங்கில் ‘சாந்த்ராகாச்சி’ என்றே ஒரு வகை பெயர்பெற்றுள்ளது.

சேனையைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் நாவும் தொண்டையும் அரிக்கும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற நுண்படிகங்களே இதற்குக் காரணம். புளி சேர்த்து நன்கு வேகவைக்கும் தமிழகத்து வழக்கம் இவ்வரிப்பைத் தணிக்கிறது.

கால்சியம் என்பது சுண்ணாம்புச் சத்து. அப்படியாயின், இப்படிகங்கள் எலும்பை வளர்க்குமா? வளர்ப்பதில்லை. ஆக்சலேட் கால்சியத்தை இறுகப் பிணைத்துக்கொள்வதால் குடலால் அதனை எளிதில் உறிஞ்ச இயலாது. பாலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு உடலில் சேர்கிறது. ஆக்சலேட் மிகுந்த பாலக் கீரையிலிருந்து சேர்வதோ ஏறத்தாழ 5 விழுக்காடே. உணவில் இருக்கும் சத்து வேறு. உடலில் சேரும் சத்து வேறு.

உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலும் உள்ளது. எஞ்சிய 1 விழுக்காடு தசை இயக்கத்திற்கும், நரம்புகளின் செயலுக்கும், குருதி உறைதலுக்கும் உதவுகிறது. குருதியில் இதன் அளவு குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்யும். ஆதலால் இக்குறைபாடு பல ஆண்டுகள் வெளியில் தெரிவதில்லை; முதுமையில் சிறிய வீழ்ச்சியிலேயே எலும்பு முறியும்போதுதான் தெரியவருகிறது. எலும்பின் வலிமை பெரும்பாலும் வளரிளம் பருவத்திலேயே உருவாகிறது. அப்பருவத்தில் விட்டதைப் பின்னர் முழுவதும் ஈடுசெய்தல் அரிது.

வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. பால், தயிர், எள், முருங்கைக்கீரை ஆகியனவும் இச்சத்தைத் தருவன. வங்காளியர் முள்ளோடு உண்ணும் மௌரலா மீனும், தமிழகத்தின் நெத்திலியும் இவ்வகையில் சிறந்தவை. குடல் கால்சியத்தை உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி வேண்டும். அதனை வெயில் படும் தோல் உருவாக்கித் தருகிறது.

சேனையை விலக்க வேண்டியதில்லை. அது மாவுச்சத்தும் நார்ச்சத்தும் தரும் நல்லுணவு. எலும்புக்கு வேண்டியதைத் தட்டில் அதனோடு வேறாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.