கட்டணம் கட்டிக் கரடியைச் சுடலாமா?

“பணம் வாங்கிக்கொண்டு கரடி வேட்டைக்கு அனுமதித்தால், அந்தப் பணத்தில் நமக்கு இழப்பீடு தரலாமே?” என்று கேட்டார், புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர். அவர் வேட்டைப் பிரியர் அல்லர். மலையடிவாரத்தில் கரடி நடமாடுவதால், விடியுமுன் பழம் பறிக்க ஆட்கள் வரத் தயங்குகிறார்கள்.

அலாஸ்காவில் இந்த முறை உண்டு. குளிர்காலத் துயில் முடிந்து கரடிகள் வெளிவரும் இளவேனிலில், வெளியூர்க்காரர்கள் பல ஆயிரம் டாலர் செலவழித்து, வழிகாட்டியுடன் வேட்டைக்குப் போகிறார்கள். நம் மலைக் கரடிக்கு அத்தகைய துயில் கிடையாது. கறையானும் பழமும் தேடி ஆண்டு முழுவதும் அலையும். ஒன்றிரண்டு குட்டிகளே ஈன்று, இரண்டாண்டுகள்வரை உடன் வைத்திருக்கும். ஒரு தாயை இழந்தால், அதை ஈடுகட்டக் காட்டுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

சட்டமும் இடம் தராது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தான, அல்லது மீள முடியாத அளவுக்கு நோயுற்ற, ஊனமுற்ற விலங்கைப் பிடிக்கவோ இடம் மாற்றவோ இயலாதபோது மட்டுமே, அதைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதிக்க முடியும்.

சட்டத்தை மாற்றினாலும் நண்பரின் கணக்கு தேறாது என்றே நினைக்கிறேன். பணம் கட்டியவர் தேடுவது அடர்காட்டிலுள்ள பெரிய ஆண் கரடியை. தோட்டத்து வேலியோரம் வருவது வேறொரு கரடியாக இருக்கும். விடிகாலையில் அடிவாரத்தில் வனக் காவலர் ரோந்து வந்தால், பழம் பறிப்பவர்கள் அச்சமின்றி வருவார்கள். அதை நண்பரும் ஒப்புக்கொண்டார். இழப்பீடு எப்போது கிடைக்கும் என்றும் கேட்டார்.